கடற்கரை ஊரில் ஒரு லினக்ஸ் சர்வர்: எதைப் பார்த்து வாங்குவது?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது. வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கும் போட்டோ, அக்கா கல்யாண வீடியோ, அப்பாவின் கடைக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு லினக்ஸ் சர்வர் வேண்டும். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. 4 டிபி போர்ட்டபிள் டிஸ்க் இரண்டு ஏற்கெனவே வாங்கியாயிற்று. 2011-இல் வாங்கிய ஐ3 கம்ப்யூட்டர் ஒன்றும் சும்மா கிடக்கிறது. அதில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாம் வந்தது, புதிதாக வாங்கிய யூஎஸ்பி வைஃபை டாங்கிளை மட்டும் லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. "லினக்ஸுக்கு ஒத்துவரும் ஹார்டுவேர் எது, எந்த பிராண்டை நம்பி வாங்குவது?"

தம்பி, பிராண்டை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் டாங்கிளையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியில் ஒரே மாடல் பெயர்தான் இருக்கும். முதல் வருடம் வந்த சரக்கில் ஒரு கம்பெனியின் சிப், அடுத்த வருடச் சரக்கில் வேறு கம்பெனியின் சிப். வித்தியாசம் என்று பார்த்தால் பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 'வெர்ஷன் 2' என்று இருக்கும், அவ்வளவுதான். விண்டோஸில் டிரைவரை, அதாவது சிப்பை ஓட்டும் சாஃப்ட்வேரை, தனியாகப் போட்டுக்கொள்வதால் யாருக்கும் இது தெரிவதில்லை. லினக்ஸில் டிரைவர்களில் பெரும்பாலானவை அதன் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னல் பார்ப்பது சிப்பின் எண்ணை. அந்த எண் அதன் பட்டியலில் இருந்தால் செருகிய மறுநொடி வேலை செய்யும். இல்லாவிட்டால் யாரோ எழுதி வைத்த சோர்ஸை இறக்கி நீங்களே கம்பைல் செய்ய வேண்டும். ஒரு கெர்னல் அப்டேட் வந்தால் அது மறுபடி நின்றுபோகலாம். உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். யாரும் பார்க்காமல் மூலையில் இருந்து ஓட வேண்டிய பெட்டிக்கு அது ஆகாது.

அதனால் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும் சிப்பைத் தவிர வேறெதையும் சர்வரில் சேர்ப்பதில்லை. டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை என், என், கே என்ற மூன்று எழுத்துகளோடு சேர்த்து அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சிப்பின் பெயரும், சதுர அடைப்புக்குள் அதன் எண்ணும், அதற்குக் கீழே எந்த டிரைவர் அதை ஓட்டுகிறது என்ற வரியும் வரும். எண்ணின் முன்பாதி தயாரிப்பாளர், பின்பாதி சிப். முன்பாதி 8086 என்று இருந்தால் அது இன்டெல். தன் பழைய 8086 பிராசஸரின் எண்ணையே அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். டிரைவர் வரியே இல்லாமல் ஒரு சிப் நின்றால் அதுதான் பிரச்சினைக்காரன். யூஎஸ்பி சாமான்களுக்கு 'எல்எஸ்யூஎஸ்பி'. உங்கள் டாங்கிளைச் செருகி அதை அடித்தால் வரும் எண்ணை இணையத்தில் தேடுங்கள், இரண்டு நிமிடத்தில் விவரம் தெரிந்துவிடும். ஆனால் அதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். சர்வருக்கு வைஃபை எதற்கு? ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

கேபிள் என்று வந்துவிட்டால் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. மதர்போர்டிலேயே வரும் இன்டெல், ரியல்டெக் இரண்டு லேன் சிப்களுக்கும் கெர்னலில் டிரைவர் இருக்கிறது. 2.5 கிகாபிட் வேகம் தரும் ரியல்டெக் 8125-க்குக்கூட 5.4 கெர்னலிலேயே ஆதரவு வந்துவிட்டது. அது 2019-இல் வந்த கெர்னல். வீட்டுக்கு ஒரு கிகாபிட்டே தாராளம். நொடிக்கு 110 எம்பி வரை போகும், சாதாரண ஹார்டு டிஸ்கின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

இன்னொரு விஷயம் கெர்னலின் வயது. நேற்று சந்தைக்கு வந்த பிராசஸரை வாங்கி, மூன்று வருடப் பழைய டிஸ்ட்ரோ (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) போட்டால் திரை வராது, லேன் வராது, 'லினக்ஸ் சரியில்லை' என்ற பேச்சு மட்டும் வரும். டெபியன் 12 வந்தது 2023 ஜூனில், கெர்னல் 6.1. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில், கெர்னல் 6.12. நீங்கள் போடப்போகும் கெர்னலைவிட ஒரு வருடமாவது மூத்த ஹார்டுவேராக வாங்குங்கள். டெபியனில் முன்பெல்லாம் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சின்ன சாஃப்ட்வேர்) கோப்புகளைத் தனியாகத் தேடி ஏற்ற வேண்டியிருந்தது. 12-லிருந்து இன்ஸ்டாலரிலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பாதித் தலைவலி அதோடு போயிற்று.

சரி, எந்தப் பெட்டி?

பழைய ஐ3-யிலேயே தொடரலாமா என்றால், லினக்ஸ் அதில் நன்றாகவே ஓடும். ஆனால் கரண்டைக் கணக்குப் போடுங்கள். அந்தக் காலத்து டெஸ்க்டாப், பழைய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), இரண்டு டிஸ்க் எல்லாம் சேர்ந்து சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1.44 யூனிட். தமிழ்நாட்டில் உங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 60 நாளுக்கு 86 யூனிட் ஆகிறது. இலவசமாக வரும் யூனிட்டில் பெரும் பங்கை இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். வீட்டின் மற்ற செலவெல்லாம் மேல் ஸ்லாபுக்குப் போகும். அதே வேலையை 10 வாட்டில் செய்யும் பெட்டி என்றால் 60 நாளுக்கு 14 யூனிட்டுதான். இந்த வித்தியாசத்தைப் பார்த்தபின் நான் யாருக்கும் பழைய டெஸ்க்டாப்பை 24 மணி நேரமும் ஓட்டச் சொல்வதில்லை. ஆபீஸ்களில் கழித்துவிட்ட ரேக் சர்வர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினாலும் போகாதீர்கள். அதன் விசிறிச் சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்க முடியாது.

உங்களுக்கு நான் சொல்வது, ஆபீஸ்களிலிருந்து லீஸ் முடிந்து வரும் செகண்ட் ஹேண்ட் மினி பிசி. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி மூன்றும் ஒரே ஜாதி. நம்ம ஊர் சில்வர் டிபன் டப்பா அளவுதான் இருக்கும். எட்டாம் தலைமுறை ஐ5, பெயரின் கடைசியில் 'டி' என்று வரும் 35 வாட் ரகம் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். 8500டி என்றால் ஆறு கோர். இவற்றை உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் லினக்ஸில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்; சந்து பொந்தில் இருக்கும் சின்னச் சின்னப் பிழைகள்கூட எப்போதோ திருத்தப்பட்டுவிட்டன. ஒத்துவருமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் கிடையாது. உள்ளிருக்கும் இன்டெல் கிராபிக்ஸ், போனில் எடுக்கும் எச்.265 வீடியோவைச் சிரமமில்லாமல் மாற்றிக் கொடுக்கும். ஆறாம் தலைமுறையிலும் இது உண்டு, 10 பிட் வீடியோ வந்தால்தான் திணறும். அதனால் ஏழுக்குக் கீழே போக வேண்டாம்.

புதிதாகவே வேண்டும் என்றால் 2023-இல் வந்த இன்டெல் என்100 பெட்டிகள் இருக்கின்றன. நாலு கோர், 6 வாட் ரகம், வீட்டு வேலைக்குப் போதும். ஆனால் பெயர் தெரியாத கம்பெனிகள் நிறைய விற்கின்றன. பயாஸ் (பெட்டியை எழுப்பும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. உங்கள் முதல் சர்வருக்கு நான் பழைய ஆப்டிபிளெக்ஸ் பக்கம்தான் நிற்பேன். ராம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. இமிச் போல முகம் பார்த்துப் போட்டோ பிரிக்கும் சாஃப்ட்வேர் போடுவதாக இருந்தால் 16 இருந்தால் நிம்மதி. என்விடியா கார்டு எதுவும் வேண்டாம். ராஸ்பெர்ரி பையில் செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் எஸ்டி கார்டில் ஓட்டினால் அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் அந்தக் கார்டு ரொம்ப நாள் தாங்காது.

இனி டிஸ்க். ஒத்துவராமல் போவதில் முக்கால்வாசி இங்கேதான் நடக்கிறது, இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டை. 2018 வாக்கில் என் சர்வருக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து இரண்டு டிஸ்க் செருகும் யூஎஸ்பி டாக் ஒன்று வாங்கி வந்தேன். பிராண்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. முதல் வாரம் அருமையாக ஓடியது. ஒருநாள் இரவு 600 ஜிபி காப்பி போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் டிஸ்க் முழுக்க 'ரீட் ஒன்லி', அதாவது படிக்க மட்டும் என்று ஆகிக் கிடக்கிறது. தங்கை மகன் காதுகுத்து வீடியோ பாதிக் கோப்போடு நிற்கிறது. கெர்னல் லாகைத் திறந்தால் நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க் ரீசெட் ஆகியிருக்கிறது. ஒரே வரி, நேரம் மட்டும் மாறி மாறி, பக்கம் பக்கமாக. டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துப் புது டிஸ்க் வாங்கினேன். அதே கதை. கடைசியில் பழைய டிஸ்கைக் கழற்றி ஒரு டெஸ்க்டாப்பின் சாட்டா போர்ட்டில் (உள்ளே டிஸ்க் மாட்டும் போர்ட்) நேராக மாட்டினேன். இரவு முழுக்க ஒரு பிழை இல்லை. டிஸ்க் இரண்டும் நல்ல டிஸ்க். இடையில் யூஎஸ்பியையும் சாட்டாவையும் சேர்த்து வைக்கும் அந்தச் சின்ன பிரிட்ஜ் சிப்தான் வில்லன்.

வேகமாக எழுதுவதற்காக யூஏஎஸ் என்று ஒரு முறை இருக்கிறது. சில பிரிட்ஜ் சிப்கள் அதைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும், பாரம் ஏறினால் தடுமாறும். கெர்னலுக்கு அந்தச் சிப்பின் எண்ணைக் கொடுத்து 'இதற்கு யூஏஎஸ் வேண்டாம், பழைய முறையிலேயே பேசு' என்று சொல்லி வைக்கலாம். வேகம் குறையும், ஆனால் ரீசெட் பெரும்பாலும் நின்றுவிடும். இன்னொரு காரணம் கரண்ட். யூஎஸ்பி 3 போர்ட் ஒன்று முறைப்படி தருவது 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட். ஒரே ஹப்பில் இரண்டு போர்ட்டபிள் டிஸ்கைச் செருகினால் இரண்டும் சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் போதாமல் போகும். தனி அடாப்டர் உள்ள ஹப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியின் வெவ்வேறு போர்ட்டுகளில் செருகுங்கள்.

உங்கள் இரண்டு போர்ட்டபிள் டிஸ்கையும் மேல் உறையை உடைத்து உள்ளே மாட்டலாமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். சில மாடல்களில் உள்ளே சாட்டா முனையே இருக்காது. யூஎஸ்பி நேராக டிஸ்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்புறம் 4 டிபி போர்ட்டபிள்கள் ஏறக்குறைய எல்லாமே எஸ்எம்ஆர் ரகம். நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி, ஒரு தடத்தின்மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் மேலிருக்கும் ஓடுகளையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும் இல்லையா, அதேதான். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் பேக்கப்புக்கு நல்லது. ரெய்டில் (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் தப்பும்படி பல டிஸ்கைச் சேர்த்து வைக்கும் முறை) போட்டு, ஒரு டிஸ்க் போய் மறுபடி கட்டும்போது ஊர்ந்து ஊர்ந்து போகும், சில சமயம் டிஸ்கே வெளியே தள்ளப்படும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்களை எஸ்எம்ஆராக விற்றது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. இப்போது ரெட் பிளஸ், சீகேட் ஐயன்வுல்ஃப் போன்றவை சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத ரகம். வாங்கும் முன் மாடல் எண்ணைத் தேடி அந்த மூன்று எழுத்தைப் பாருங்கள்.

ஆக உங்கள் வீட்டுக்கு என் ஏற்பாடு இப்படி: மினி பிசிக்குள் ஒரு சின்ன என்விஎம்இ எஸ்எஸ்டி, லினக்ஸுக்கு. 2.5 அங்குல இடத்தில் பட்ஜெட்டுக்கு ஏற்ப 1 அல்லது 2 டிபி சாட்டா எஸ்எஸ்டி, போட்டோவுக்கும் கணக்குக்கும். போர்ட்டபிள் இரண்டும் பேக்கப்புக்கு மட்டும். ஒன்று தினமும் இரவு, இன்னொன்று மாதம் ஒருமுறை எடுத்து வேறு ஊரில் உறவினர் வீட்டில். எந்த டிஸ்கையும் ஹார்டுவேர் ரெய்டு கார்டில் மாட்ட வேண்டாம். கார்டு போனால் அதே கார்டைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸின் சொந்த எம்டி ரெய்டு என்றால் டிஸ்கைக் கழற்றி எந்த லினக்ஸ் பெட்டியில் மாட்டினாலும் படிக்கும்.

பின்னால் 3.5 அங்குல டிஸ்க் இரண்டு வேண்டும் என்று தோன்றினால் மினியில் இடமில்லை. அப்போது பிராண்டு டெஸ்க்டாப்பின் ஒல்லி மாடலை வாங்கத் தோன்றும். அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு கனெக்டர் இரண்டும் சொந்த அளவு. போனால் கடலூரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. சாதாரண டவரில் அசெம்பிள் செய்துகொள்வதே மேல்.

கடைக்குப் போகும்போது டெபியன் லைவ் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் டெபியன்) போட்ட பென்டிரைவ் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். நான் போன மாதம்கூட ஒரு நண்பருக்காகப் புதுச்சேரியில் ஒரு கடையில் இப்படித்தான் பார்த்தேன். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார், பிறகு டீ வந்தது. ரொம்ப நேரம் ஆகாது. முதலில் பயாஸுக்குள் போய் சாட்டா மோடைப் பாருங்கள். 'ரெய்டு' என்று இருந்தால் லினக்ஸுக்கு உள்ளே இருக்கும் டிஸ்க் கண்ணிலேயே படாமல் போகலாம், 'ஏஹெச்சிஐ' என்று மாற்றுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். பென்டிரைவிலிருந்து பூட் செய்து, மேலே சொன்ன 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை அடித்து எல்லாச் சிப்புக்கும் டிரைவர் வரி வருகிறதா என்று பாருங்கள். டிஸ்க் சேர்ந்து வந்தால் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையை அடித்து, கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 5, 197 இரண்டு வரிசைகளின் கடைசி எண் பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் டிஸ்க் வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளலாம். 199 கூடியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் கோளாறு. டெல் மினியாக இருந்தால் அதனுடைய சொந்த அடாப்டரையே கேட்டு வாங்குங்கள். நடுப் பின் வழியாக அடாப்டரை அடையாளம் பார்க்கும். தெரியாத அடாப்டர் என்றால் பிராசஸரை மெதுவாக ஓட்டும்.

இனி நம்ம ஊர் சமாச்சாரம். உப்புக் காற்று. என் பழைய பெட்டி நாலு வருடம் கிழக்கு ஜன்னல் பக்கம் இருந்தது. ஒருநாள் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. ராமைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறத்தில் பளபளக்க வேண்டிய பற்கள் மங்கி, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ஸ்குருக்களின் தலையில் துரு, தொட்டால் கையில் ஒட்டியது. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டியதும் உயிர் வந்தது. தேவனாம்பட்டினத்தில் உங்களுக்கு கடல் இன்னும் பக்கம். உள்ளறையில், ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். விசிறி எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் உப்பு உள்ளே போகும். மினி பிசியை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடிக்கொண்டே இருக்கும் பெட்டி வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் அணைத்து வைப்பதுதான் கெடுதல்.

தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவு புதுச்சேரியில் கொட்டிய மழை உங்களுக்கும் நினைவிருக்கும். அடுத்த நாட்களில் தென்பெண்ணை உங்கள் பக்கம் புகுந்ததும் நினைவிருக்கும். என் பெட்டி நெஞ்சு உயரத்தில் இருந்ததால் தப்பியது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதை நினைத்துத்தான் வேறு ஊரில் ஒரு டிஸ்க் என்று சொன்னேன்.

கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக எழுந்துகொள்ள வேண்டும். பயாஸில் 'ஏசி ரிகவரி' அல்லது அதுபோன்ற பெயரில் இருக்கும், 'பவர் ஆன்' என்று வையுங்கள். பழைய பெட்டியில் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருந்தால் இந்த அமைப்பு மறந்துபோகும். வாங்கிய அன்றே புது செல் போடுங்கள்.

யூபிஎஸ் வாங்கினால் பின்னால் டேட்டாவுக்கான யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். விலை குறைந்த 600 விஏ மாடல்கள் பலவற்றில் இருக்காது. இருந்தால் என்யூடி என்ற சாஃப்ட்வேர் பேட்டரி தீரும் முன் சர்வரை ஒழுங்காக அணைக்கும். இல்லாவிட்டாலும், வீடு முழுக்க இன்வெர்ட்டரில் ஓடினாலும் ஒரு வழி உண்டு. ஒரு பழைய ரவுட்டரை இன்வெர்ட்டரும் யூபிஎஸ்ஸும் தொடாத ஒரு பிளக்கில் மாட்டி, கேபிளால் உங்கள் ரவுட்டரோடு இணையுங்கள். சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை அதை பிங் செய்யட்டும், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கட்டும். பதினைந்து நிமிடம் பதில் வராவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம், தானே அணைந்துகொள்ளட்டும். பத்து வரி ஸ்கிரிப்ட்தான். என் வீட்டில் வருடக்கணக்காக இப்படித்தான் ஓடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கும்போது அந்த ரவுட்டர் போனாலும் போகட்டும்.

அந்தப் பழைய ஐ3-ஐ எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் சாட்டா போர்ட் நாலாவது இருக்கும். பின்னால் ஒரு 3.5 அங்குல சிஎம்ஆர் டிஸ்க் வாங்கி அதில் மாட்டி, ஞாயிறு காலை சர்வர் லேன் வழியாக அதை எழுப்பி, பேக்கப் முடிந்ததும் அணைக்கும்படி செய்துகொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் 60 வாட் என்றால் பில்லில் தெரியவே தெரியாது. அதன் லேன் சிப்பில் எழுப்பும் வசதி இருக்கிறதா என்பதை 'எத்டூல்' கட்டளையை அடித்து 'சப்போர்ட்ஸ் வேக் ஆன்' வரியில் ஜி என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.